சங்கு ஊதிய பிறகு உங்கள் முகம்

மதினி,

என் கையில் இன்னும் பூச்சி உருண்டை வாசம் அடிக்கிறது. பீலித் தண்ணீரில் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவிவிட்டேன், போகவில்லை. கம்பளித் துணியைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் பெட்டிக்குள் வெள்ளையாகப் போட்டு வைப்பார்களே, அந்த உருண்டை. நம் லயத்து வீடுகளில் யாரும் அதை வாங்குவதில்லை. பெட்டியில் பூட்டி வைக்கிற அளவுக்குத் துணி நம்மிடம் ஏது? ஆனாலும் அந்த வாசம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

குப்பி விளக்கைத் தகரப் பெட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு, கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்குகிறாரா என்று சொல்ல முடியவில்லை. அவர் ஒவ்வொரு தடவை இருமும்போதும் என் பென்சில் நின்றுவிடுகிறது. அண்ணன் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் படுத்திருக்கிறார். நீங்கள் போனதிலிருந்து அவர் உள்ளே படுப்பதில்லை.

நீங்கள் இறந்து நான்கு மாதம் ஆகிறது. இதை நீங்கள் படிக்கப்போவதில்லை என்று தெரியாத அளவுக்கு நான் சின்னப் பிள்ளை இல்லை. ஆனால் இன்று காலை நான் ஒன்று செய்துவிட்டேன். அதை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

நீங்கள் ராகலையிலிருந்து நம் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பொகவந்தலாவை பஸ்ஸிலிருந்து இறங்கி, மழையில் நனைந்துகொண்டு ஏறி வந்தீர்கள். உங்கள் தகரப் பெட்டியைத் திறந்த அன்று அம்மாவும் நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். இரண்டு சேலை. அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு, ஒரு பவுடர் டின், சாந்துப் பொட்டுச் சீசா, மூடி போட்ட சின்னக் கிண்ணத்தில் கண்மை, பாதி எரிந்த மெழுகுவர்த்தி ஒன்று.

"சட்டி பானை கொண்டாருவான்னு பார்த்தா, சீப்பும் கண்ணாடியுமா கொண்டாந்திருக்கா" என்றார் அம்மா, உங்களுக்குக் கேட்கும்படியாகவே.

"சட்டி பானை இங்க இருக்குன்னு உங்க மகன் சொன்னாரு அத்தை. கண்ணாடி இருக்குன்னு சொல்லலையே" என்றீர்கள் நீங்கள்.

அம்மா அடுப்பை ஊதப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கம்பளியை வாயில் வைத்துக்கொண்டேன்.

அப்பா தேயிலை அரைக்கிற ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் இருபது வருடமாக வேலை பார்ப்பவர். அவர் கேட்டுக்கொண்டதால் உங்களுக்கும் ஸ்டோரிலேயே வேலை கிடைத்தது. காய்ந்த தூளில் கிடக்கும் நாரையும் குச்சியையும் பொறுக்குகிற அறை. மழை இல்லை, அட்டைக் கடி இல்லை, உட்கார்ந்த இடத்தில் வேலை. கொழுந்து எடுக்க மலைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் ஏங்குகிற இடம். ஆனால் அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. தேயிலைத் தூள் எந்த வாசத்தையும் உடனே இழுத்துக்கொள்ளும். அதனால் உள்ளே போகிற பெண்கள் பூ வைக்கக்கூடாது, பவுடர் பூசக்கூடாது, வாசனை எண்ணெய் தேய்க்கக்கூடாது.

முதல் நாள் ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் ஐயா வாசலில் நின்று உங்கள் தலைப் பக்கம் மூக்கை நீட்டி, "எண்ணெ வாசம். போய்க் குளிச்சிட்டு வா" என்றாராம். விடியற்காலைக் குளிரில் பீலிக்கு ஓடி வந்து சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனீர்கள். "இப்ப சீயக்கா வாசம்" என்று மறுபடியும் திருப்பி அனுப்பினார். வெறும் தண்ணீரில் அலசிக்கொண்டு, பல் கிட்டித்துப் போய் மூன்றாம் தடவை போய் நின்றீர்கள். அன்று சாயங்காலம் வந்து அப்பாவிடம் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: "மாமா, உங்க தேயிலைக்கு என்னைய விட ரோசம் ஜாஸ்தி." அப்பா கூட அன்று சிரித்தார்.

ஊருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் மதினி. நீங்கள் அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறவில்லை. தினமும் காலையில் ஆள் எழுப்பத் தப்பு அடிக்கும் முன்பே எழுந்து பச்சைத் தண்ணீரில் முகம் கழுவி, துணியால் ஒத்தி, வேறு ஒன்றும் தொடாமல் போவீர்கள். பனி கொட்டும் மாதத்தில் கன்னம் இரண்டும் வெடித்துக் கோடு கோடாக எரியும். அப்போதும் தேங்காய் எண்ணெயைத் தொட மாட்டீர்கள். நெற்றியில் குங்குமம் மட்டும்தான். அதற்கு வாசம் இல்லை.

சாயங்காலம் வேலை முடிந்து ஸ்டோர்ச் சங்கு ஊதிய பிறகுதான் உங்கள் நேரம். பள்ளிக்கூடம் விட்டு நான் பஸாரிலிருந்து ஏறி வருவதற்கும் நீங்கள் ஸ்டோரிலிருந்து வருவதற்கும் சரியாக இருக்கும். பீலிக்குப் பக்கத்தில் இருக்கிற துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, தோள் பையிலிருந்து உங்கள் சாமான்களை எடுப்பீர்கள். கண்ணாடி பிடிக்கிற வேலை எனக்கு.

"ஆட்டாம புடி புள்ள. எனக்கு மூணு மூக்கு தெரியுது."

முதலில் முகத்தில் படிந்த தூசி. அது சாதாரண தூசி இல்லை, தேயிலைத் தூசி. இமை மயிரிலும் மூக்கு ஓரத்திலும் காபி நிறத்தில் ஒட்டியிருக்கும். தண்ணீரை அடித்துக் கழுவினால் உள்ளே ஏறிவிடும் என்று, பாசிப்பயற்று மாவைக் குழைத்து மெதுவாகத் தடவி, ஈரத் துணியால் கீழிருந்து மேலாகத் துடைப்பீர்கள். பிறகு இரண்டே சொட்டுத் தேங்காய் எண்ணெய். உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி வெடித்த கன்னத்தில் ஒற்றி எடுப்பீர்கள். உதட்டுக்கும் அதுவே. அந்தப் பாதி மெழுகுவர்த்தி எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதைச் சீவி எண்ணெயில் உருக்கி ஒரு தைல டப்பாவில் ஆற வைத்திருந்தீர்கள். பாத வெடிப்புக்கு அது. பூசின காலில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பீர்கள். "ரெண்டு காலுக்கும் காய்ச்சலா?" என்று அண்ணன் கேலி செய்வார்.

கடைசியில் பவுடர். கொஞ்சமாகத் துணியில் தட்டி, கழுத்திலிருந்து ஆரம்பித்து மேலே. அதிகமானால் ஊதிவிடுவீர்கள், அது என் முகத்தில் வந்து விழும். கண்ணுக்கு ஒரு கோடு மை, நெற்றிக்குச் சாந்து. முழுவதுக்கும் பத்து நிமிஷம் ஆகாது. லயத்துக்கு ஏறிப் போகும்போது நீங்கள் வேலை முடித்து வருகிறவர் மாதிரி இருக்க மாட்டீர்கள், எங்கேயோ விருந்துக்குப் புறப்பட்டவர் மாதிரி இருப்பீர்கள்.

அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "சாயங்காலம் அடுப்பு ஊதப்போறவளுக்கு இது எதுக்கு? யார் பாக்கப்போறா?"

"அடுப்பு பாக்கட்டுமே அத்தை."

பிறகு ஒரு நாள், கொஞ்சம் கோபமாகவே சொன்னீர்கள்: "காலையில இருந்து சங்கு ஊதுற வரைக்கும் இந்த மூஞ்சி தோட்டத்துது. பவுடர் பூசாதன்னா பூசல. சங்கு ஊதின பெறகு என்னோடது. அதுல யாரும் நாட்டாமை பண்ண வேணாம்." ஆனால் லயத்தில் எல்லாரும் உங்களைச் சாயங்காலத்தில்தான் பார்த்தார்கள். அதனால் நீங்கள் நாள் முழுக்கப் பவுடரோடு இருக்கிறவர் என்று நினைத்துவிட்டார்கள். அங்கேதான் எல்லாம் கெட்டது.

போன வருடக் கடைசியில் பள்ளிக்கூடம் லீவு விட்ட நாட்களில் மத்தியானச் சோற்றை நான்தான் உங்களுக்கு ஸ்டோருக்குக் கொண்டு வந்தேன். தண்ணீர் வாளியில் மேலாக ஐஸ் பிடித்த காலம் அது. டீமேக்கர் ஐயா பெட்டியிலிருந்து தன் கனத்த கம்பளிக் கோட்டை எடுத்துப் போட்டிருந்தார். பொறுக்குகிற அறை சூடாக இருப்பதால், உள்ளே வந்ததும் கோட்டைக் கழற்றிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிடுவார். அந்த ஆணிக்கு நேர் கீழேதான் சலித்த தூளைக் குவித்து வைப்பார்கள். நான் சோற்று வாளியோடு வாசலில் நின்றபோது கோட்டிலிருந்து பூச்சி உருண்டை வாசம் மூக்கில் ஏறி அடுக்கடுக்காகத் தும்மினேன். "என்னா புள்ள, தூளுல தும்மாத, வெளிய போ" என்று அவர் அதட்டினார். ஒரு நாள் இல்லை, நான் போன எல்லா நாளும் அந்தக் கோட்டு அங்கேதான் தொங்கியது. நீங்களும் செல்லம்மா அக்காவும் மற்ற நான்கு பெண்களும் அதற்குக் கீழே குனிந்து உட்கார்ந்து நார் பொறுக்கினீர்கள். பெண்கள் பூ வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டவரிடம் போய், ஐயா உங்கள் கோட்டை வெளியே மாட்டுங்கள் என்று யார் சொல்வது?

இரண்டு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து தூள் திரும்பி வந்தது. வேறு வாசம் ஏறியிருக்கிறதாம். அன்று சனிக்கிழமை, நான் சோறு கொண்டு வந்திருந்தேன். ஸ்டோருக்குள் நுழைந்தால் தோட்டத்துத் தொரையே நிற்கிறார். ஆறு பெண்களையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். டீமேக்கர் ஐயா ஒவ்வொருவரின் கழுத்துக்குப் பக்கத்திலும் போய் மோந்து பார்த்தார். சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி. செல்லம்மா அக்காவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு வெளியே மாட்டியிருந்த பைகளைக் கொட்டினார்கள். உங்கள் பவுடர் டின் உருண்டு தொரையின் சப்பாத்துக்கிட்டே போய் நின்றது.

"இது யார்து?" என்றார் தொரை, தனக்குத் தெரிந்த தமிழில்.

"என்னோடது தொரை. அது பையில இருந்துச்சு. மூஞ்சியில இல்ல. வந்து பாருங்க." முகத்தை நேராக நீட்டினீர்கள். "வாசம் எதுல இருந்து வந்துச்சுன்னு தெரியணும்னா, ஐயாவோட கோட்ட மோந்து பாருங்க. ரெண்டு மாசம் இந்த ஆணியிலதான் தொங்குச்சு."

ஆணி இருந்தது. கோட்டு இல்லை. வெயில் வந்துவிட்டதால் அது திரும்பப் பெட்டிக்குப் போயிருந்தது. டீமேக்கர் ஐயா சிரித்தார். "நான் கோட்ட வீட்டுல கழட்டிட்டுதான் வருவேன். கேளுங்க இவங்கள." ஐந்து பெண்களும் தரையைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் என்னைப் பார்த்தீர்கள். "இந்தா, எங்க நாத்தனாரு லீவுல தெனமும் சோறு கொண்டாந்துச்சு. அது பார்த்துச்சு. சொல்லு புள்ள. கோட்டு எங்க தொங்குச்சு?"

மாடிப்படியில் அப்பா நின்றார். அவர் தலையை இப்படியும் அப்படியுமாக, கொஞ்சமே கொஞ்சம், ஆட்டினார். அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

"தெரியாது" என்றேன்.

அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து உங்களை மலைக்கு அனுப்பிவிட்டார்கள். தூளைக் கெடுத்தவள் என்ற பெயர் மட்டும் ஸ்டோரிலிருந்து உங்கள் கூடவே வந்தது.

நான்கு நாள் நீங்கள் என்னிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு தடவை கேட்டீர்கள்: "ஏன் புள்ள அப்புடிச் சொன்ன?" நான் அழுதேன். அலசிய துணியைப் பிழிந்து கல்லில் போட்டுவிட்டு, "சரி, மூக்கச் சிந்து. பயந்தவங்க கூடலாம் நான் பேசாம இருந்தா, இந்தத் தோட்டத்துல யார் கூடப் பேசுறது?" என்றீர்கள். அது மன்னிப்பா, குத்தலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

மலைக்குப் போனதும் நீங்கள் ஒடுங்கிப் போவீர்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நீங்கள் முதல் நாளே, விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் பவுடர் பூசிக்கொண்டு போனீர்கள். மை, சாந்துப் பொட்டு, எல்லாம். இருட்டு விலகாத நேரத்தில், இடுப்பில் சாக்குத் துண்டும் முதுகில் கூடையுமாக நின்ற அத்தனை பேருக்கும் நடுவில். கங்காணி லாந்தரைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னாம்மா, கொழுந்தெடுக்கப் போறியா, கலியாணத்துக்குப் போறியா?"

"ஸ்டோருல பூசக்கூடாதுன்னாங்க, பூசல கங்காணி. பூசாமலேயே பேரு வாங்கிட்டேன். இனிமே பூசிட்டே வாங்குறேன்."

யாரோ சிரித்தார்கள். கங்காணி விடவில்லை. "கொழுந்து மயங்கிடப் போவுது."

"கொழுந்துக்குக் கண்ணு இல்ல. கண்ணு இருக்கறவங்க வேற பக்கம் பாருங்க."

அன்று மத்தியானம் மழையில் எல்லாம் கரைந்து மை கன்னத்தில் இறங்கியதாம். கேலி செய்தார்களாம். அடுத்த நாளும் பூசிக்கொண்டு போனீர்கள். கூடைக் கயிறு நெற்றியில் அழுத்தித் தழும்பாகாமல் இருக்க மடித்த துணியை வைக்கச் சொல்லி மற்றப் பெண்களுக்கும் காட்டினீர்கள். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரல்களுக்கு உப்பும் எலுமிச்சை மூடியும். சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி விரலை ஒருத்தி தேய்த்துக்கொண்டார்களாம். வைகாசி மாதம் பெரட்டில் நான் எண்ணிப் பார்த்தேன், பதினொரு பெண்கள் பொட்டும் பவுடருமாக நின்றார்கள். கிழவிகள் திட்டினார்கள். கங்காணி லாந்தரைத் தாழ்த்திக்கொண்டார்.

ஆடி மழையில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். திரும்பி வந்தது நீங்கள் இல்லை. அதைப் பற்றி எழுத எனக்கு முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்கிறேன். அம்மா உங்கள் பெட்டியை எடுத்து, பவுடரையும் மையையும் லயத்துக்கு முன்னால் ஓடுகிற கானில் கொட்டிவிட்டார். கான் தண்ணீர் இரண்டு வீட்டுத் தூரத்துக்கு வெள்ளையாக ஓடியது. "இந்தச் சனியனாலதான் அவளுக்கு ஸ்டோர் வேலை போச்சு, மழையில நனைஞ்சு உசுரும் போச்சு" என்றார். லயம் முழுக்க அதையே சொன்னது. பவுடர் கேட்ட பிள்ளைகளிடமெல்லாம், அவள் மாதிரி ஆகப்போகிறாயா என்றார்கள். பதினொரு பெண்களில் ஒருத்தி கூட மிச்சமில்லை, எல்லாரும் வெறும் நெற்றியோடு, தலை குனிந்துகொண்டு பெரட்டில் நின்றார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னால் என்ன போனது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது இன்றைய கதைக்கு வருகிறேன்.

டீமேக்கர் ஐயாவுக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. ஐயாமார் யாராவது மாற்றலாகிப் போனால் பெரட்டில் மாலை போட்டு, பிரிவுப் பத்திரம் வாசித்து அனுப்புவது நம் வழக்கம்தானே. தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பத்திரம் எழுதினார். பஸார்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை திக்காமல் வாசிக்கும் என்று அப்பா என் பெயரைக் கொடுத்துவிட்டார். நேற்றுச் சாயங்காலம் டீமேக்கர் ஐயாவின் சம்சாரம், "புள்ள குளுருல பள்ளிக்கூடம் போவுதே, வெட்டித் தச்சுப் போடுங்க" என்று அம்மாவிடம் ஒரு பழைய துணியைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்தக் கோட்டு.

அம்மா அதை என் தோளில் போட்டார். வாசம் அடித்தது. நான் தும்மினேன். எத்தனை தடவை என்று தெரியாது. அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை முடிந்து அப்போதுதான் வந்து கத்தியைச் செருகிக்கொண்டிருந்தார். நான் சொல்லிவிட்டேன்: "அண்ணே, இதுதான் அந்தக் கோட்டு. மதினி சொன்னது நெசம். நான் பார்த்தேன்."

"வாய மூடு" என்றார் அப்பா.

அண்ணன் அருகில் வந்து கோட்டின் காலரை முகத்தில் வைத்து இழுத்தார். "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார். அவரும் என்னிடம்தான் கேட்டார், அப்பாவிடம் கேட்கவில்லை. பிறகு வெளியே போய்விட்டார். அவர் தன் மனைவியை நம்பினாரா என்று எனக்கு அதுவரை தெரியாது. இப்போதும் முழுதாகத் தெரியாது.

இன்று காலை அப்பா என்னை அந்தக் கோட்டோடுதான் பெரட்டுக்குக் கூட்டிப் போனார். ஐயா பார்த்தால் சந்தோஷப்படுவார் என்றார். பீலியில் முகம் கழுவிவிட்டுப் போனேன். தொரை, மலை வேலையைப் பார்க்கிற கண்டாக்கு, டீமேக்கர் ஐயா மூன்று பேரும் நாற்காலியில் இருந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் கையில் மாலை. மலைக்குப் போகிறவர்களும் ஸ்டோர் ஆட்களும் சுற்றி நின்றார்கள். நான் பத்திரத்தைப் பிரித்து வாசித்தேன். முதல் பாதி நன்றாகத்தான் போனது. பிறகு இந்த வரி வந்தது: 'எம் தோட்டத்துத் தூளின் நறுமணம் ஒரு நாளும் கெடாது காத்த பெருந்தகையே.'

என் வாய் நின்றுவிட்டது. அப்பா "வாசி, வாசி" என்று முணுமுணுத்தார். ஒன்றுக்கு வந்துவிடும் போல இருந்தது மதினி. உங்களை நினைத்துத் தைரியம் வந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் வரவில்லை. பயம் அப்படியே இருந்தது. பயத்தோடுதான் சொன்னேன்.

"இது பொய். தூளக் கெடுத்தது எங்க மதினி இல்ல. இந்தக் கோட்டு. ரெண்டு மாசம் தூளுக்கு மேல ஆணியில தொங்குச்சு. லீவுல சோறு கொண்டாந்தப்ப நான் தெனமும் பார்த்தேன். அன்னைக்குக் கேட்டப்ப தெரியாதுன்னு பொய் சொன்னேன்."

கோட்டைக் கழற்றித் தொரையிடம் நீட்டினேன். "மோந்து பாருங்க தொரை."

எதைக் கொடுத்தாலும் மோந்து பார்த்தே பழகியவர் அல்லவா? யோசிக்கும் முன்பே அவர் மூக்கு கோட்டுக்குப் போய்விட்டது. முகம் சுருங்கியது. திரும்பி டீமேக்கர் ஐயாவைப் பார்த்தார். ஐயா இங்கிலீஷில் ஏதோ வேகமாகச் சொன்னார், சிரித்துக்கொண்டே. தொரை சிரிக்கவில்லை.

"சின்னப் புள்ள, யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார் கண்டாக்கு.

அப்போது ஸ்டோர் ஆட்கள் நின்ற பக்கத்திலிருந்து செல்லம்மா அக்காவின் குரல் வந்தது. "யாரும் சொல்லிக் குடுக்கல ஐயா. அங்கதான் தொங்குச்சு. நாங்களும் பார்த்தோம். நாங்களுந்தான் வாயத் தொறக்கல." அவர் பக்கத்தில் நின்ற இன்னொருத்தி, "ஆமா" என்றாள். இன்னொருத்தியும்.

தொரை எழுந்து கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு, "பெரட்டு முடிஞ்சது. வேலைக்கு, வேலைக்கு" என்று சொல்லிப் போய்விட்டார். அவ்வளவுதான். தண்டனையும் இல்லை, நியாயமும் இல்லை. தலைவர் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். மத்தியானம் டீமேக்கர் ஐயாவின் சாமான் லொறியில் ஏறியபோது, அண்ணன் போய் அந்தக் கோட்டை மடித்து மேலே வைத்துவிட்டு வந்தாராம்.

அப்பாவைத் திங்கட்கிழமை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், என்னையும் கூட்டிக்கொண்டு. வாட்டும் மாடி வேலை போய்விடும் என்று அவர் பயப்படுகிறார். அவரை நான் வெறுக்கவில்லை மதினி. அன்று படியில் நின்று தலையாட்டியபோது அவருக்கும் என் மாதிரியேதான் பயமாக இருந்திருக்கும். ஆனால் சாயங்காலம், "இனிமே உனக்குப் பள்ளிக்கூடம் இல்ல. பேர் பதிஞ்சு மலைக்கு அனுப்பிடுறேன்" என்றார். அம்மா அழுதார். அண்ணன் இஸ்தோப்பிலிருந்து, "அது படிக்கும்" என்று ஒரே வார்த்தை சொன்னார். யார் சொன்னது நடக்கும் என்று தெரியவில்லை.

நீங்கள் பீலியில் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். உங்களை நம்பாமல் சொன்னதில்லை. அப்பாவுக்காகச் சொன்னேன், எனக்காகவும் சொன்னேன். நல்ல பிள்ளை என்று டீமேக்கர் ஐயா நினைக்க வேண்டும் என்று கூட ஒரு ஓரத்தில் இருந்தது. அதுதான் எனக்கு ரொம்ப வெட்கம். நீங்கள் உயிரோடு இருந்தபோது ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். காலம் தாழ்த்திச் சொன்னதற்கு நான் சந்தோஷப்பட முடியாது. ஆனால் சொல்லாமல் விட்டிருந்தால், உங்கள் பெயர் அந்தப் பத்திரத்தோடு சேர்ந்து நிரந்தரமாகப் புதைந்து போயிருக்கும்.

மலைக்கு அனுப்பினால் போகிறேன். முகத்தை உங்கள் மாதிரியே கவனித்துக்கொள்வேன், பவுடர் இல்லாவிட்டாலும். பயற்று மாவும் எண்ணெயும் யார் வீட்டிலும் இருக்கும். யார் என்ன கேட்டாலும் தலையைக் குனிந்து நிற்க மாட்டேன்.

திங்கட்கிழமை ஆபீசில் கேட்பார்கள், யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது என்று. மன்னிப்புக் கேள், அப்பா வேலை தப்பும் என்றும் சொல்வார்கள். என் குரல் நடுங்கும். நடுங்கட்டும். பார்த்தேன் என்றுதான் சொல்வேன். இரண்டாம் தடவை கேட்டாலும் பார்த்தேன் என்றே சொல்வேன்.